வலப் பக்கம் அடித்த மணி

"1848ஆம் வருடம், லண்டன் நகரத்தில், ஓர் இருட்டு வீட்டில்..." என்று ஆரம்பித்தேன். குரலைத் தாழ்த்தி, மெழுகுவத்தியை முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு. ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் ஐ.டி. கம்பெனி. அக்டோபர் கடைசி நாள். "பேய் தீம்ல அரை மணி நேரம் பண்ணிக் குடுங்க சார்" என்று கேட்டிருந்தார்கள். பிறந்தநாள் விழா, கல்யாண ரிசப்ஷன், பள்ளி ஆண்டு விழா என்று பதினேழு வருடமாக மேஜிக் செய்கிறவன் நான். அன்று கையில் இருந்தவை ஓர் ஆடும் மேஜை, இரண்டு சிலேட்டு, ஒரு மணி. மூன்றையும் ஒட்டவைக்க ஒரு கதை தேவைப்பட்டது. ஆவிகளோடு பேசியதாகப் பேர் வாங்கிய ஃபாக்ஸ் சகோதரிகளைப் பற்றி எங்கோ நாலு வரி படித்திருந்தேன். அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

முடிந்து பெட்டி கட்டும்போது ஓர் அம்மா பக்கத்தில் வந்தார். "ஷோ நல்லா இருந்துச்சு தம்பி. ஆனா ஃபாக்ஸ் சிஸ்டர்ஸ் லண்டன் கிடையாது. அமெரிக்கா. நியூயார்க் மாநிலத்துல ஹைட்ஸ்வில்னு ஒரு கிராமம்." சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போய்விட்டார். ஐட்டம் சொதப்பி, கையில் மறைத்த பொருள் கீழே விழுந்தபோதுகூட அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. கை தவறினால் பயிற்சி போதவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கதை தவறினால், பார்க்கிறவர்களை மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இதே வேலையாக அலைந்தேன். சம்பாதித்ததைவிடச் செலவழித்ததுதான் அதிகம். இந்த வகை நிகழ்ச்சி செய்ய ஆசைப்படும் மேஜிக் நண்பர்களுக்கு அதில் எது உதவும், எது உதவாது என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, என் மேஜிக் அலமாரியை நம்பி நான் மோசம் போனது. நம் ஆட்கள் எழுதிய புத்தகங்களில், ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன விக்டோரியா ராணி காலத்து மீடியம்கள் எல்லோரும் திருடர்கள். அவர்களைப் பிடித்தவர்கள் எல்லோரும் மேஜிக்காரர்கள். படிக்க இனிக்கும். ஆனால் எழுதியவருக்கும் விற்க ஒரு சரக்கு இருந்தது என்பதை மறந்துவிடுவோம். டேவன்போர்ட் சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐராவும் வில்லியமும் நியூயார்க் மாநிலத்து பஃபலோ ஊர்க்காரர்கள். பெரிய மர அலமாரிக்குள் எதிரெதிரே உட்காருவார்கள். பார்வையாளர்களே வந்து கயிற்றால் கட்டுவார்கள். கதவை மூடியதும் உள்ளே மணி அடிக்கும், வாத்தியம் ஒலிக்கும், ஓட்டை வழியே கைகள் நீளும். திறந்து பார்த்தால் இருவரும் கட்டிய கட்டோடு இருப்பார்கள். 1864இல் இங்கிலாந்துக்கு வந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் லிவர்பூலில் கூட்டம் ரகளை செய்து அலமாரியையே உடைத்துப்போட்டது. அதற்கு அடுத்த மாதம் செல்டன்ஹாம் ஊரில் அவர்கள் நிகழ்ச்சி நடந்தபோது, ஜன்னல் மறைப்பு விலகி வெளிச்சம் விழுந்த ஒரு கணத்தில் ஐராவின் கை அசைவதைப் பார்த்துவிட்டதாக ஓர் இளைஞர் சொன்னார். பெயர் ஜான் நெவில் மேஸ்கெலின். அதே வருடம் ஜூனில், ஆவி ஏதும் இல்லாமலே எல்லாவற்றையும் செய்து காட்டுகிறேன் என்று நண்பர் குக்குடன் மேடையேறினார். பிறகு லண்டன் எகிப்தியன் ஹாலில் 1873 முதல் 1904 வரை நிலைத்து நின்ற நிகழ்ச்சிக்கு அதுதான் விதை.

நல்ல கதைதான். ஆனால் ஜன்னல் வெளிச்சக் கதையைச் சொன்னது யார்? அந்தக் கதையை வைத்தே தொழிலைத் தொடங்கியவர். பொய் என்று சொல்ல வரவில்லை. ஒரு தரப்பு வாக்குமூலம் என்று குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மறுபக்கம், டேவன்போர்ட் நிகழ்ச்சியில் ஆவிகளைப் பற்றி மேடையேறிப் பேசியவர் கூட வந்த ஃபெர்குசன் என்ற பாதிரியார். சகோதரர்கள் வாய் திறக்காமல் அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பேசுகிறவன் நம்பிக்கையோடு பேசட்டும், செய்கிறவன் சும்மா இருக்கட்டும் என்ற இந்தப் பங்கீடு நம் தொழிலுக்குப் பெரிய பாடம். முறையைத் தேடிப் படித்த முதல் வருடம் முழுக்க இது என் கண்ணில் படவே இல்லை.

ஃபாக்ஸ் சகோதரிகள் கதையும் இப்படித்தான் பாதியாக வெட்டப்பட்டுப் புழங்குகிறது. 1848 மார்ச் 31 இரவு, ஹைட்ஸ்வில் வீட்டில் மேகி, கேட் என்ற இரண்டு சிறுமிகளைச் சுற்றித் தட்டும் சத்தம் கேட்டது. அடுத்த வருடமே ராச்செஸ்டரில் மண்டபம் பிடித்து டிக்கெட் போட்டார்கள். நாற்பது வருடம் கழித்து, 1888 அக்டோபர் 21 அன்று, நியூயார்க்கில் நிறைந்த அரங்கில் மேகி மேடையேறி, கால் விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்தச் சத்தம் வந்தது என்று செய்தும் காட்டினார். மேஜிக் புத்தகங்கள் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடும். அடுத்த வருடமே அவர் அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார் என்பதை விட்டுவிடும். ஆவியுலகப் பத்திரிகைகள் திரும்பப் பெற்றதை மட்டும் கொட்டை எழுத்தில் போடும். வாக்குமூலத்துக்கு முன்னும் பின்னும் அவருக்குப் பணக்கஷ்டம், குடிப்பழக்கம், மூத்த அக்கா லியாவுடன் பகை எல்லாம் இருந்தன. கேட் 1892இலும் மேகி 1893இலும் வறுமையில் இறந்தார்கள். சத்தத்துக்கு விரல் மூட்டே போதும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் மேடையில் சொல்லும்போது இரண்டு வருடத்தையும் சேர்த்தே சொல்கிறேன். 1888 என்று நிறுத்தினால் கைதட்டு வரும். 1889 என்று தொடர்ந்தால் அரங்கம் அமைதியாகிறது. எனக்கு அந்த அமைதி பிடித்திருக்கிறது.

மேஜை விஷயத்துக்கு வருகிறேன். 1853இல் இங்கிலாந்தே மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டிருந்தது. நாலைந்து பேர் கை வைத்து உட்கார்ந்தால் மேஜை நகரும், சுழலும், காலைத் தூக்கும். காந்தம் என்றார்கள், மின்சாரம் என்றார்கள், பிசாசு என்றார்கள். மின்சாரத்தை இழுத்ததால் மைக்கேல் ஃபாரடேயிடம் ஆளாளுக்குக் கேள்வி கேட்டுத் துளைத்தார்கள். மனுஷர் சலித்துப்போய்ச் சோதனை செய்தார். அட்டைகளை அடுக்கி, நடுவில் மெழுகு போன்ற இளகிய பசையை வைத்து ஒட்டி, அதன் மேல் கையை வைக்கச் சொன்னார். மேஜை தானாக நகர்ந்து கையை இழுத்திருந்தால் அடி அட்டை முன்னால் போயிருக்க வேண்டும். மேல் அட்டைதான் முன்னால் போயிருந்தது. கைதான் தள்ளியிருக்கிறது, தள்ளியவருக்கே தெரியவில்லை. அதோடு விடாமல், மிகச் சிறிய அசைவையும் காட்டும் நெம்புகோல் முள் ஒன்றைப் பொருத்தினார். முள் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தபோது மேஜை அசையவே இல்லை. டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி ஊருக்கே சொன்னார்; ஜூன் 30 அன்று அது அச்சானது.

இதைப் படித்ததும் வீட்டில் செய்து பார்த்தேன். பழைய மூன்று கால் டீப்பாய், மொசைக் தரை, நான்கு நண்பர்கள், மின்விசிறியை நிறுத்திய அறை. பதினைந்து நிமிடம் ஒன்றும் இல்லை. ஒருவன் போனை எடுத்துவிட்டான். இருபதாவது நிமிடம் போல டீப்பாய் ஒரு முனகல் முனகி அரை அடி நகர்ந்தது. நான் தள்ளவில்லை. நால்வரும் தள்ளவில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஒருவன் கோபித்துக்கொண்டான், "நீ ஏதோ பண்ணிட்டு எங்கள ஏமாத்தற" என்று. அடுத்து இரண்டு அட்டைகளுக்கு நடுவே சின்னப் பென்சில்களை உருளை மாதிரி போட்டு, ஒரு துடைப்பக்குச்சியை முள்ளாக வைத்தேன். குச்சி தெரியும்வரை டீப்பாய் தரையோடு ஒட்டிக்கொண்டது. குச்சியை ஒரு துணியால் மூடினேன். மறுபடி நகர ஆரம்பித்தது. அந்த ஒரு மாலைப்பொழுது பத்து புத்தகத்துக்குச் சமம். இந்த வரலாற்றைப் படிக்கிறவர்கள் ஒரு முறையாவது மேஜையில் உட்கார வேண்டும். உட்காராதவர்கள் அந்தக் காலத்து மனிதர்களை முட்டாள்கள் என்று எழுதிவிடுவார்கள். நான் மேஜையில் எந்தக் கருவியும் மறைக்காமல் இப்போது செய்வது இந்த ஐட்டம் ஒன்றைத்தான். டிப்ஸ் மட்டும் சொல்கிறேன்: காலில் ரப்பர் இல்லாத மேஜை, வழுக்கும் தரை, நகரும்போது எல்லோரும் எழுந்து கூடவே நடக்க இடம்.

சிலேட்டு ஐட்டம் என்னை வேறு வழியில் கொண்டுபோனது. நம்மில் நாற்பது தாண்டிய யாருக்கும் சிலேட்டைக் கண்டால் பள்ளிக்கூட வாசனை வரும். எச்சில் தொட்டு அழித்தது, பலப்பம் தின்றது, விளிம்பில் மரச்சட்டம் கழன்றது எல்லாம். லண்டனில் 1876இல் ஹென்றி ஸ்லேட் என்ற அமெரிக்கர் இந்தச் சிலேட்டை வைத்துத்தான் பிழைத்தார். ஆவி எழுதும் என்று சிலேட்டை மேஜைக்குக் கீழே பிடிப்பார். கிறீச் கிறீச் என்று எழுதும் சத்தம் கேட்கும். எடுத்தால் எழுத்து இருக்கும். ரே லங்கெஸ்டர் என்ற இளம் விலங்கியல் பேராசிரியர், டாங்கின் என்ற மருத்துவரோடு போய் உட்கார்ந்து, எழுதும் சத்தம் வருவதற்கு முன்பே சிலேட்டைப் பிடுங்கினார். எழுத்து ஏற்கெனவே இருந்தது. வழக்கு போ தெரு நீதிமன்றத்துக்குப் போயிற்று. மேஸ்கெலின் சாட்சி சொன்னார். டார்வின் வழக்குச் செலவுக்குப் பத்து பவுண்டு அனுப்பினார். இயற்கைத் தேர்வை டார்வினுக்கு இணையாகக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், ஸ்லேடுக்காகக் கூண்டில் ஏறினார்! நாடோடிகள் தடுப்புச் சட்டம் என்று 1824இல் போட்ட சட்டத்தின் கீழ் மூன்று மாதக் கடுங்காவல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பில் சட்டத்தின் சில வார்த்தைகள் விடுபட்டிருந்ததால் மேல்முறையீட்டில் தப்பித்து, ஸ்லேட் நாட்டைவிட்டே கிளம்பிவிட்டார்.

பாரிமுனையில் கல் சிலேட்டு தேடி இரண்டு நாள் அலைந்தேன். எல்லாக் கடையிலும் பிளாஸ்டிக்கும் தகரமும்தான். ஆண்டர்சன் தெருவுக்கு அருகே ஒரு மொத்த வியாபாரி பரணிலிருந்து தூசியோடு ஒரு டஜன் எடுத்துக் கொடுத்தார். "யாருக்கு சார் இது, பேரனுக்கா?" என்றார். ஆவிக்கு என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக் சிலேட்டில் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சத்தம் வராது. சத்தம் வராவிட்டால் ஐட்டம் செத்துப்போகும். லங்கெஸ்டர் சொன்னதை ஒரு மேஜிக்காரன் காதால் கேட்டால் இது புரியும்: எழுத்து எப்போதோ முடிந்துவிட்டது, சத்தம்தான் "இப்போது எழுதுகிறது" என்று மனதில் பதியவைக்கிறது. செய்யும் நேரத்தையும் நடந்ததாகத் தோன்றும் நேரத்தையும் பிரிப்பது. இதற்குக் காசு கொடுத்து வகுப்புக்குப் போயிருக்கிறேன். அங்கே யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த பெரிய புதையல் டேவி என்ற இளைஞர். எஸ். ஜே. டேவி முதலில் எக்லிண்டன் என்ற சிலேட்டு மீடியத்தை முழுதாக நம்பியவர். பிறகு சந்தேகம் வந்து தானே அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். ஆவி, மீடியம் போன்ற விஷயங்களை ஆராய 1882இல் லண்டனில் தொடங்கப்பட்ட உளவியல் ஆய்வுச் சங்கத்தைச் (Society for Psychical Research) சேர்ந்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவருடன் சேர்ந்து ஒரு காரியம் செய்தார். படித்தவர்களை அழைத்து அமர்வு நடத்தினார். முடிந்ததும், பார்த்ததை முழுமையாக எழுதித் தரும்படி கேட்டார். எழுதினார்கள், நாணயமாக, விவரமாக. 1887இல் அந்த அறிக்கைகள் அச்சாகின. நடந்ததற்கும் எழுதியதற்கும் சம்பந்தமே இல்லாத இடங்கள் ஏராளம். நடந்ததை விட்டிருந்தார்கள், நடக்காததைச் சேர்த்திருந்தார்கள், முன்னால் நடந்ததைப் பின்னால் மாற்றியிருந்தார்கள். டேவி அறையைவிட்டு வெளியே போய்வந்ததைக்கூட மறந்துவிட்டவர்கள் உண்டு. இதில் வேடிக்கை, டேவி 1890இல் இறந்த பிறகும் வாலஸ் விடவில்லை. இதெல்லாம் தந்திரத்தால் முடியாது, டேவி உண்மையிலேயே ஒரு மீடியம்தான், வெளியே சொல்லவில்லை என்றே எழுதினார்.

டேவியைப் படித்த பிறகு என் படிக்கும் முறையே மாறிவிட்டது. அதுவரை "மீடியம் என்ன செய்தார்?" என்று தேடினேன். அது பெரும்பாலும் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் பார்த்தவர் எழுதியது. ஆக, ஒரு குறிப்பேட்டில் கோடு போட்டுக் கட்டம் பிரித்தேன்: எழுதியவர் யார், அமர்வு நடந்து எத்தனை நாள் கழித்து எழுதினார், எந்த நாற்காலியில் இருந்தார், வெளிச்சம் எவ்வளவு, அவருக்கு யாராவது இறந்திருந்தார்களா. கடைசிக் கட்டம் பெரும்பாலும் நிரம்பிவிடும்.

இதற்கு நல்ல பயிற்சி டானியல் டங்ளஸ் ஹோம். 1868 டிசம்பரில் லண்டன் ஆஷ்லி ஹவுஸில் ஒரு ஜன்னல் வழியே மிதந்து வெளியே போய், அடுத்த அறை ஜன்னல் வழியே உள்ளே வந்தார் என்பது அவருடைய புகழின் உச்சம். பார்த்தவர்கள் அடேர் பிரபு, லிண்ட்சே பிரபு, கேப்டன் வின். அவர்கள் சொன்னவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தேதியே 13ஆ 16ஆ என்று இழுபறி. நிலா வெளிச்சம் அறைக்குள் நன்றாக அடித்தது என்கிறார் லிண்ட்சே. இங்கேதான் எனக்குப் பஞ்சாங்கம் கைகொடுத்தது. அதே வருடம் ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் தெரிந்த முழுச் சூரிய கிரகணம் அறிவியல் வரலாற்றில் பிரசித்தம்; ஹீலியம் என்ற தனிமத்தின் நிறமாலைக் கோடு அப்போதுதான் கண்ணில் பட்டது. சூரிய கிரகணம் என்றால் அன்று அமாவாசை. அதிலிருந்து நாலு அமாவாசை எண்ணினால் டிசம்பர் 14. பதின்மூன்றோ பதினாறோ, எப்படிப் பார்த்தாலும் அந்த இரவில் நிலா கிடையாது. ஏற்கெனவே பலர் சுட்டிக்காட்டிய விஷயம்தான் இது என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷம் எனக்கே சொந்தம்.

ஹாட்ஜ்சன் என்ற பெயரைத் துரத்தப்போய் என் வீட்டுக்கு ஏழு கிலோமீட்டரில் வந்து நின்றேன். அடையாறு. பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் முதன்முதலில் சந்தித்ததே 1874இல் அமெரிக்காவின் வெர்மாண்டில், எட்டி சகோதரர்களின் பண்ணைவீட்டு ஆவி அமர்வுகளில்தான். அடுத்த வருடம் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கினார்கள். 1882 டிசம்பர் முதல் தலைமையிடம் அடையாறு. அங்கே ஓர் அறையில் இருந்த சிறு மர மாடத்தில் மகாத்மாக்கள் என்று அவர்கள் அழைத்த மறைவான குருமார்களின் கடிதங்கள் வந்து விழும் என்றார்கள். சபையிலிருந்து நீக்கப்பட்ட கூலும் தம்பதி, எல்லாம் ஏற்பாடு என்று சொல்லி, பிளாவட்ஸ்கி எழுதியதாகச் சில கடிதங்களைக் கொடுக்க, 1884 செப்டம்பரில் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின் அவற்றை வெளியிட்டது. அந்தக் கல்லூரி அப்போது இருந்தது தாம்பரத்தில் இல்லை. ஐகோர்ட்டுக்கு எதிர்ப்பக்கம், எஸ்பிளனேடில். நான் சிலேட்டு வாங்கிய கடையிலிருந்து நடக்கும் தூரம். டிசம்பரில் ஹாட்ஜ்சன் லண்டனிலிருந்து விசாரிக்க வந்து இறங்கினார். மாடத்தின் பின்பலகை நகரும், அதற்குப் பின்னால் அம்மையாரின் அறை என்று அவருடைய 1885 அறிக்கை சொல்கிறது. ஆனால் அவர் வருவதற்குள் மாடம் அழிக்கப்பட்டுவிட்டது. ஆட்கள் சொன்னதையும் வரைபடத்தையும் வைத்துத்தான் எழுதினார். சாட்சிகளின் ஞாபகத்தை நம்பாதே என்று பிறகு உலகத்துக்குச் சொல்லப்போகிறவர்! 1986இல் அதே சங்கத்தின் இதழில் வெர்னான் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர் அந்த அறிக்கையைக் கடுமையாக விமர்சித்தார். நான் ஹாட்ஜ்சன் பக்கம்தான் சாய்கிறேன். ஆனாலும் அடையாறு சபைத் தோட்டத்து ஆலமரத்தடியில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது, விசாரித்தவரையும் விசாரிக்க வேண்டும் என்று குறிப்பேட்டில் இன்னொரு கட்டம் சேர்த்தேன்.

படிக்க எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு. லண்டன் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் நூலகத்தில், ஆவி விஷயங்களை ஆராய்ந்த ஹாரி பிரைஸின் சேகரிப்பு. கேம்பிரிட்ஜ் பல்கலை நூலகத்தில் உளவியல் ஆய்வுச் சங்கத்தின் ஆவணங்கள். வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் மேஜிக்காரர் ஹூடினியின் புத்தகங்கள். போக வசதியில்லாத என்னைப் போன்றவர்களுக்கு, அந்தக் காலத்து ஆவியுலக வாரப் பத்திரிகைகளே ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. 'மீடியம் அண்ட் டேபிரேக்', 'லைட்' மாதிரி. பின்னால் யாரோ எழுதிய வரலாற்றைவிட அவற்றின் விளம்பரப் பக்கம் நன்றாகப் பேசும். எந்தக் கிழமை, என்ன கட்டணம், எத்தனை பேர், என்னென்ன விதி என்று எல்லாம் அதில் இருக்கும்.

விதிகளைத் தனியாகக் கவனியுங்கள். வட்டத்தில் கை கோக்க வேண்டும், கையை விடக் கூடாது, பாடிக்கொண்டே இருக்க வேண்டும், உருவத்தைத் தொடக் கூடாது. ஒவ்வொன்றும் பக்தி மாதிரி தெரியும். ஒவ்வொன்றும் ஒரு தந்திரம். ஃப்ளோரன்ஸ் குக் என்ற இளம்பெண்ணின் அமர்வில் வெள்ளை உடையில் வந்த கேட்டி கிங் என்ற ஆவியை 1873 டிசம்பரில் வோல்க்மன் என்பவர் எட்டிப் பிடித்தார். மற்ற விருந்தினர்கள் அவரைத்தான் திட்டினார்கள், மரியாதை தெரியாதவர் என்று. தாலியம் தனிமத்தைக் கண்டுபிடித்த வில்லியம் குரூக்ஸே அடுத்த வருடம் கேட்டி கிங் உண்மை என்று எழுதினார். 1880இல் சர் ஜார்ஜ் சிட்வெல் வேறொரு ஆவியைப் பிடித்தபோது கையில் இருந்தது உள்ளாடையோடு நின்ற குக்தான். பிடிக்கவே ஆறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நல்ல பழக்கவழக்கம் அவ்வளவு பலமான பூட்டு. பாட்டு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிக்கல். அவர்கள் தேவாலயப் பாடல் பாடினார்கள். சத்தத்தையெல்லாம் அது மூடியது. நான் பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டைப் பாடச் சொன்னேன், பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். ஒன்றிலிருந்து ஐம்பதுவரை எல்லோரும் சத்தமாக எண்ணுவது என்று மாற்றினேன். வேலை செய்கிறது.

முழு இருட்டு வேண்டாம். ஒரு முறை முழு இருட்டில் என் உதவியாளன் ஸ்பீக்கர் ஒயரில் தடுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். சுற்றியிருந்தவர்கள் அதையும் ஆவி என்று நினைத்துக் கை தட்டினார்கள். அவன் வலி தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தான். அந்தக் காலத்திலும் பல அமர்வுகளில் ஒரு சின்ன விளக்கை மங்கலாக வைத்திருந்தார்கள். மங்கலான வெளிச்சத்தில் கண்கள் அதிகம் பொய் சொல்லும்.

இரண்டாவது வருடம், ஒரு வீட்டு மொட்டைமாடிக் கூடத்தில் இருபத்துநாலு பேருக்கு முதல் முழு அமர்வு செய்தேன். இறந்துபோன ஒருவரின் பெயரை அட்டையில் எழுதச் சொன்னேன். விக்டோரியா காலத்துக்கு நெருக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. அட்டைகளைக் கிண்ணத்தில் போட்டு மூடியதோடு சரி. இருட்டில் மணி மூன்று முறை அடித்தது. முடிந்ததும், டேவி மாதிரி, பார்த்ததை எழுதித் தரச் சொன்னேன். பலர் எழுதியிருந்தார்கள், நான் சிலேட்டைத் தொடவே இல்லை என்று. மூன்று முறை துடைத்திருந்தேன்.

நாற்காலிகளை மடக்கும்வரை ஒரு பெரியவர் காத்திருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும்.

"தம்பி, மணி என் வலப் பக்கத்துலேருந்துதான வந்துச்சு?"

"ஏன் ஐயா?"

"வீட்ல அவளுக்கு வலது காது கேக்காது. அதனால எப்பவும் எனக்கு வலப் பக்கம்தான் உக்காருவா. நான் பேசறது இடது காதுல விழும்ல."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குரூக்ஸும் வாலஸும் யார் யாரோ என்று படித்துக்கொண்டிருந்தவன், என் குறிப்பேட்டின் "யாராவது இறந்திருந்தார்களா" என்ற கேள்விக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன். "ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. அது நான் அடிச்ச மணி" என்றேன்.

"தெரியாதா தம்பி. மேஜிக்னு போட்டுத்தான டிக்கெட் குடுத்தீங்க. எந்தப் பக்கம்னுதான் கேட்டேன்."

"நடுவுல ஐயா. மேஜைக்குக் கீழ."

கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு, மெதுவாகப் படியிறங்கிப் போனார். அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். மணி வலப் பக்கம் அடித்தது என்று ஒரே வரி.

அன்றோடு அட்டையை நிறுத்திவிட்டேன். பார்வையாளர் வீட்டு ஆட்களை அழைப்பதில்லை. இப்போது நான் அழைப்பது வில்லியம் டேவன்போர்ட்டை. அலமாரிக்குள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் இளையவர். 1877இல் சிட்னியில் இறந்தார். அவர் கல்லறையைத் தேடிப் போனவர் ஹூடினி. ஆரம்பத்தில் ஹைட்ஸ்வில் என்று சரியாகச் சொல்கிறேன். 1889ஐயும் சேர்த்துச் சொல்கிறேன். மணி இன்னும் மேஜைக்குக் கீழே நடுவில்தான் அடிக்கிறது. எழுதித் தரும் தாளில் மட்டும் ஒரு கேள்வி கூடியிருக்கிறது: மணி எந்தப் பக்கம் கேட்டது? நடுவில் என்று எழுதுகிறவர்கள் மிகவும் குறைவு.